காகிதம் பட்ட இடம்

பாளையம்பட்டி
18.2.2024, ஞாயிறு

அன்புள்ள மதினிக்கு,

அனுசியா எழுதுகிறேன். முதலில் என்னை மன்னிக்க வேண்டும். ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருந்துகொண்டு, கையில் போனும் வைத்துக்கொண்டு கடிதம் எழுதுவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. நான் பேசினால் பேச்சும் பட்டுவிடும் என்று உங்கள் அக்கா அண்ணனிடம் சொன்னார்களாம். அதனால்தான் காகிதம். இதுவும் தப்பென்றால் படித்ததும் கிழித்துவிடுங்கள்.

இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். அண்ணன் நாக்பூருக்கு லோடு ஏற்றிப் போயிருக்கிறார். அங்கே நீங்களும் கனகலட்சுமி அக்காவும் சுகமா? பாப்பாவுக்குக் கன்னத்தில் இருந்தது இறங்கிவிட்டதா?

அன்று சனிக்கிழமை. மில்லில் அரை நாள் வேலை முடிந்து நேரே பஸ் ஏறி வந்தேன். பாப்பா என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஒரே ஒரு முத்தம்தான் கொடுத்தேன். காபி குடித்து முடிக்கவில்லை, அந்த இடம் சிவந்தது. அப்புறம் தடித்தது. மேலுதடு, கீழுதடு, நடுவில் உள்ள பள்ளம்கூடத் தெரிந்தது. வேறு யார் உதடும் இல்லை மதினி, அது என்னுடையதுதான். அக்கா பாப்பாவை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு, "ஏத்தா, நீ வாய வச்ச எடத்துல வாயே முளைச்சிருக்கு பாரு" என்றார்கள். நான் பிடித்திருந்த காலில் நாலு விரலும் வரிவரியாக எழும்பியிருந்தன. "கல்யாணம் ஆகாத பிள்ளை. ஏக்கம் இருக்கத்தான செய்யும்" என்று அவர்கள் சொன்னது, நான் செருப்பு மாட்டும்போது காதில் விழுந்தது.

பிரசவத்துக்குப் போன உங்களையும் பாப்பாவையும் இந்த மாசி மாதம் இங்கே கூட்டி வருவதாக இருந்தது. இப்போது இல்லை என்று அண்ணன் சொல்லிவிட்டார். நான் இருக்கிற வீட்டுக்குப் பாப்பா வராது என்று அம்மா சொன்னாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, அடுப்பில் இருந்த பானையைப் பார்த்துச் சொன்னாள்.

பாப்பா நலமாக இருக்கிறாள் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

பணிவுடன்,
அனுசியா

*

கீழப்பொட்டல், திருச்சுழி வழி
29.2.2024

அனுசியாவுக்கு மதினி செல்வலட்சுமி எழுதிக்கொண்டது. நாங்கள் சுகம். அத்தை, மாமா உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

தபால்காரர் சின்னச்சாமி அண்ணன் உன் கடிதத்தைக் குழாயடியில் என் கையிலேயே கொடுத்துவிட்டார். பாப்பாவை மடியில் வைத்துத்தான் படித்தேன். கடிதத்தின் ஒரு மூலையைச் சப்பித் துப்பியும்விட்டாள். ஒன்றும் ஆகவில்லை.

கன்னத்தில் வந்தது அன்றைக்கு விளக்கு வைக்கும் முன்பே போய்விட்டது. சுவடுகூட இல்லை. அக்காவுக்கு அதுதான் பயம். "புண்ணுன்னா வடு இருக்கும். பூச்சி கடிச்சதுன்னா ஊசிமுனை அளவு புள்ளி இருக்கும். வந்த தடம் தெரியாம போகுதுன்னா அது வேற" என்கிறாள்.

அக்காவை நீ தப்பாக நினைக்கக் கூடாது. பதினோரு வருடத்துக்கு முன் அவளுக்கு ஒரு பையன் இருந்தான். எட்டு மாதம். ஒரு நாள் காலையில் உடம்பெல்லாம் சிவந்து வீங்கி, திருச்சுழி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. அன்றைக்கு அவனைத் தூக்கி வைத்திருந்தது பக்கத்துத் தெரு பெத்தம்மாள். ஊரே அவளைச் சொன்னது. அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டு காரியாபட்டிப் பக்கம் போய்விட்டாள். அக்கா அந்தப் பேச்சையே எடுக்கமாட்டாள். பாப்பாவின் கன்னத்தைப் பார்த்ததும் அவள் முதலில் பார்த்தது, சட்டைக்குள் உடம்பும் சிவந்திருக்கிறதா என்றுதான்.

பாப்பாவுக்கு முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் கரப்பான் புண் இன்னும் இருக்கிறது. நீர் கசிகிறது. நீ மில்லிலிருந்து வாங்கி அனுப்பிய செக்கெண்ணெயைத் தினமும் தடவித்தான் குளிப்பாட்டுகிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். நேரில் கேட்க வாய் வராது. நீ உடுத்திக் கழற்றிய துணி ஒன்று வேண்டுமாம். தண்ணீர் படாததாக இருக்க வேண்டுமாம். யாரால் பட்டதோ அவர்கள் துணியால்தான் போகும் என்று அக்காவிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். துப்பட்டா இருந்தால் போதும்.

செல்வலட்சுமி

*

பாளையம்பட்டி
6.3.2024, புதன்

அன்புள்ள மதினிக்கு,

சுகம். சுகமறிய ஆவல். மில்லில் சாப்பாட்டு நேரத்தில், என் மேசையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்றுப் போட்டிருந்த நீலத் துப்பட்டாவை அப்படியே மடித்து மினிபஸ் தவசி அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிடுவேன்.

இங்கே மூட்டை மூட்டையாகக் கடலை உடைபடுகிறது. சிவப்புத் தொலி பறந்து மின்விசிறி, ஜன்னல், எங்கள் இமை எல்லாவற்றிலும் ஒட்டுகிறது. ஒவ்வொரு மூட்டையிலும் கைப்பிடி எடுத்து, உடைத்து, வாயில் போட்டுக் கசப்பு இருக்கிறதா என்று நான் பார்க்க வேண்டும். சூப்பர்வைசர் உதயகுமார், "வீட்டுக்கு மொத டிகிரி. கடலை திங்கச் சம்பளம் வாங்குது" என்று கேலி செய்கிறார். நானும் சிரித்துக்கொள்கிறேன்.

துப்பட்டாவை என்ன செய்வார்கள் என்று நான் கேட்கவில்லை. பாப்பாவுக்குச் சரியானால் போதும்.

அனுசியா

*

கீழப்பொட்டல்
21.3.2024

அனுசியா,

எல்லோரும் நலமா என்று கேட்டு எழுதத்தான் உட்கார்ந்தேன். மனசு சரியில்லை. நேரே சொல்லிவிடுகிறேன்.

துப்பட்டாவைத் தொட்டிலில் பாப்பாவுக்கு அடியில் விரித்தாள் அக்கா. மத்தியானத் தூக்கம் கலைந்து அழுகிறாளே என்று எடுத்தால், கழுத்தைச் சுற்றிக் கயிறு வைத்து இறுக்கியதுபோல் ஒரு வரி. கண் இரண்டும் உப்பியிருந்தது. துணியை எடுத்துப் பரணில் போட்டுவிட்டோம். ஓரத்தில் ஒரு துண்டு மட்டும் அக்கா கிழித்து வைத்துக்கொண்டாள்.

அதற்கு மூன்றாம் நாள் உன் கடிதம் வந்தது. நான் படித்துக்கொண்டிருக்கும்போது பாப்பா எட்டிப் பிடித்து இழுத்தாள். போன கடிதத்தைப் போலத்தான் இதையும் வாயில் வைத்தாள். நீ "சுகமறிய ஆவல்" என்று எழுதிய இடம் அவள் எச்சிலில் அழிந்திருக்கிறது. ஒன்றிரண்டு நிமிடம்தான். உள்ளங்கை தடித்தது. விரல் விரலாகத் தடித்தது. கீழுதடு தொங்கிவிட்டது. காகிதம் பட்ட இடத்தில் மட்டும், அனுசியா. படாத இடத்தில் ஒன்றும் இல்லை.

அக்கா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பிறகு வந்து, "எழுத்துல ஏத்தி அனுப்புறா. படிச்ச பிள்ளைல்ல" என்றாள்.

நான் நம்பவில்லை. நம்பாமலும் இருக்க முடியவில்லை. என் போனை அக்கா வாங்கி வைத்திருக்கிறாள். கொஞ்ச நாள் நீ எழுத வேண்டாம்.

செல்வலட்சுமி

*

பாளையம்பட்டி
5.5.2024, ஞாயிறு

அன்புள்ள மதினிக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். ஆறு வாரம் பொறுத்தேன். இதை எழுதாமல் இருந்தால் தவறாகிவிடும் என்று தோன்றுவதால் எழுதுகிறேன். தலைக்குக் குளித்து, கையைச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவி, வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். காகிதம் இன்று கடையில் வாங்கியது. பாலித்தீன் உறையில் போட்டிருக்கிறேன். பயப்படாமல் பிரியுங்கள்.

உங்கள் கடிதம் வந்த பிறகு நான் யாரையும் தொடவில்லை. உண்மையாகவே என்னிடம் ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன். இரு கையையும் விரித்து வெயிலில் வைத்துப் பார்ப்பேன். கண்ணாடியில் வாயைப் பார்க்கவே கூசும். பக்கத்து வீட்டில் ஆறு மாதக் குழந்தை இருக்கிறது. அது என்னைப் பார்த்துக் கை நீட்டினால் உள்ளே போய்விடுவேன். அம்மா அதையும் பார்த்தாள். மறுநாள் முதல் என் தட்டைத் தனியாகக் கழுவி வைத்தாள்.

ஆனால் ஒன்று மட்டும் மனதை அறுத்துக்கொண்டே இருந்தது. முதல் கடிதத்தைப் பாப்பா சப்பினாள், ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது கடிதத்தில் அப்படி ஆனது. எழுதியது இரண்டும் நான்தான், ஒரே பேனா. எனக்குள் இருப்பது முதல் கடிதத்துக்கு மட்டும் ஏன் போகவில்லை? கல்லூரியில் ஆய்வகத்தில், எது மாறியதோ அதை மட்டும் பார் என்று சொல்லித்தருவார்கள். முதல் கடிதம் ஞாயிற்றுக்கிழமை, வீட்டில், குளித்துவிட்டு எழுதியது. இரண்டாவது மில் மேசையில் எழுதியது. துப்பட்டா மில்லுக்குப் போட்டுப் போனது. முத்தம் கொடுத்த அன்றும் மில்லிலிருந்து வந்தேன், வாயில் கடலைப் பருப்புச் சுவை இருந்தது. பாப்பா பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் ஒரு மணி நேரம் நான்தான் வைத்திருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? எத்தனை முத்தம் கொடுத்தேன். அப்போது நான் மில்லில் சேரவில்லை.

மதினி, அது கடலையாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

இங்கே நர்ஸ் தங்கச்செல்வி அக்காவிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். சில குழந்தைகளின் உடம்புக்கு ஒரு உணவு ஒத்துக்கொள்ளாமல், அது பட்டாலே தடிக்கும், தின்றால் உயிருக்கே வரும் என்றார். டாக்டர் பார்த்துத்தான் உறுதி சொல்ல வேண்டுமாம். பாப்பாவுக்கு இப்போது ஏழு மாதம். சாப்பாடு கொடுக்க ஆரம்பித்திருப்பீர்கள். டாக்டர் பார்க்கும்வரை கடலை மட்டும் எந்த வடிவிலும் வேண்டாம். சட்னி, மிட்டாய், மாவு, எண்ணெய் எதுவும் வேண்டாம். மற்றதை நிறுத்த வேண்டாம். என்றைக்காவது முகம் வீங்கி, வாந்தி எடுத்து, மூச்சு இழுத்தால், அல்லது துவண்டால், திருநீறு போட்டுப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

அண்ணனிடம் போனில் சொன்னேன். "ஏ கிறுக்கி, கடலையத் தின்னே வளந்த ஊருல கடலை பிள்ளையப் பிடிக்குமாக்கும்" என்று சிரித்தார். உங்களிடம் சொல்வதாகச் சொன்னார். சொல்வாரா என்று தெரியவில்லை.

அன்புடன்,
அனுசியா

*

கீழப்பொட்டல்
9.5.2024

அனுசியாவுக்கு, கனகலட்சுமி.

உன் காகிதம் வந்தது. பிரிக்கவில்லை. கையால் தொடவும் இல்லை, இடுக்கியில் எடுத்தேன். மிளகாய், உப்பு, முச்சந்தி மண்ணோடு பிள்ளையை மூன்று சுற்றுச் சுற்றி அடுப்பில் போட்டாச்சு. ஏழு மிளகாய். ஒரு தும்மல் இல்லை, கமறல் இல்லை. நெடியே எழும்பவில்லை. எனக்கு அதுவே போதும், தெரிந்துகொண்டேன்.

செல்விக்கு இந்தக் கார்டு தெரியாது. உன் அம்மா, அப்பா சுகமாக இருக்கட்டும். நீயும் இரு. இந்தப் பக்கம் மட்டும் வேண்டாம். நான் ஏற்கெனவே ஒன்றைப் பறிகொடுத்துவிட்டேன்.

*

கீழப்பொட்டல்
30.5.2024

என் அனுசியாவுக்கு,

பாப்பா நலமாக இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிட்டேன். இனி மற்றதைப் படி.

மே பதினாலாம் தேதி காலையில் அக்கா சத்துமாவுக் கஞ்சி காய்ச்சினாள். ஒரு வாரமாகத் தன் கையாலேயே வறுத்து, புடைத்து, மாவு மில்லில் நின்று அரைத்துக்கொண்டு வந்தது. கேழ்வரகு, பாசிப்பயறு, பொரிகடலை, அதோடு நிலக்கடலை. பிள்ளை தேறவில்லை, தேற்ற வேண்டும் என்று அவளுக்கு. முதல் சங்கு குடித்தாள். இரண்டாவதைத் துப்பினாள். மூன்றாவதை அக்கா கொஞ்சிக் கொஞ்சி ஊட்டினாள்.

காது இரண்டும் தீயாகச் சிவந்தது. நான் பார்க்கப் பார்க்க முகம் வேறு பிள்ளை முகமாக மாறியது. கண் இருந்த இடம் தெரியவில்லை. வாந்தி எடுத்தாள். அழுகை ஆட்டுக்குட்டிக் குரலாகிக் கம்மி, அப்புறம் நின்றுவிட்டது. அழாததுதான் பயம். கை கால் துவண்டு தொங்கியது. அக்கா திருநீற்றைத் தேடி ஓடினாள். நான் அவள் இடுப்பிலிருந்து என் போனைப் பறித்து 108-க்குப் போட்டேன். எனக்கு அந்தத் துணிச்சல் எப்படி வந்ததோ.

வண்டி திருச்சுழியில் நின்றிருந்ததால் சீக்கிரம் வந்தது. வந்தவர் இம்மானுவேல் என்று ஒரு தம்பி. "பிள்ளைக்கு என்ன குடுத்தீங்க?" என்று கேட்டார். அக்கா, "நாங்க ஒண்ணும் குடுக்கல. பாளையம்பட்டிக்காரி குடுத்தது இது" என்றாள்.

"அவுக இங்க இருக்காகளா?"

"இல்ல."

"எப்ப வந்தாக?"

"தையில."

"எக்கா, தையில வந்தவுகள விடுங்க. இந்தக் கிண்ணத்துல என்ன இருக்கு, அதச் சொல்லுங்க."

அக்கா கிண்ணத்தைப் பார்த்தாள். ஒவ்வொன்றாகச் சொன்னாள். கடைசியில் நிலக்கடலை என்றாள். அவர் போனில் டாக்டரிடம் கேட்டுத் தொடையில் ஊசி போட்டார். அருப்புக்கோட்டை போவதற்குள் பாப்பா அழுதுவிட்டாள். அந்த அழுகையைப் போல இனிமையாக நான் எதையும் கேட்டதில்லை. வீக்கம் திரும்ப வரலாம் என்று ஒரு நாள் பெரியாஸ்பத்திரியிலேயே வைத்திருந்தார்கள்.

பிறகு மதுரைக்குப் போனோம். குழந்தைகளுக்குப் பார்க்கிற டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார். ரத்தம் எடுத்தார்கள். கடலைதான். "வீட்டுல கடலையில பொழங்குறவங்க யாரு?" என்றார். என் நாத்தனார், கடலை மில்லில் என்றேன். "முத்தம் குடுத்தாங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "உதடு மாதிரியே தடிச்சிருக்குமே" என்றார். அவர் உன்னைப் பார்த்ததே இல்லை. அக்கா என் பக்கத்தில்தான் இருந்தாள். நாற்காலியை விட்டு எழுந்து வெளியே போய்விட்டாள்.

நீ எழுதிய கடிதத்தை அக்கா எரித்தது எனக்கு ஆஸ்பத்திரியில்தான் தெரியும். அதில் என்ன எழுதியிருந்தாய் அனுசியா? உன் அண்ணனும் அன்றைக்குத்தான் சொன்னார், நீ கடலை என்று ஏதோ சொன்னதாகவும், அவர் மறந்துவிட்டதாகவும். போனில் அழுதார். லாரி ஓட்டுகிற ஆள் அப்படி அழுது நான் கேட்டதில்லை.

செல்வலட்சுமி

*

பாளையம்பட்டி
2.6.2024, ஞாயிறு

அன்புள்ள மதினிக்கு,

பாப்பா சுகம் என்ற வரியையே திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

எதையும் முதலில் நோட்டில் எழுதிப் பார்த்து, பிறகுதான் நல்ல தாளில் எழுதுவேன். அந்தக் கடிதம் நோட்டில் இருந்தது. மறுபடி எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன்.

கடலையைத் தொட்ட யாரும் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பாப்பாவைத் தூக்க வேண்டும். சானிடைசர் போதாதாம், அது கிருமியைத்தான் கொல்லும், இதை எடுக்காது என்று தங்கச்செல்வி அக்கா சொன்னார். நேற்றோடு மில்லிலிருந்து நின்றுவிட்டேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சென்டரில் விண்ணப்பம் டைப் செய்ய ஆள் கேட்டார்கள், சேர்ந்திருக்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். மார்கழியில் நான் அனுப்பிய செக்கெண்ணெய். டாக்டரம்மா அதைப் பற்றி ஏதாவது சொன்னார்களா? மறைக்காமல் எழுதுங்கள்.

அனுசியா

*

கீழப்பொட்டல்
27.6.2024

அனுசியாவுக்கு,

நாங்கள் சுகம். எழுதத் தாமதமானதற்குக் காரணம் நீ கடைசியில் கேட்டதுதான். அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம் என்று நினைத்திருந்தேன். நீயே கேட்டுவிட்டாய்.

கரப்பான் வந்த தோல் திறந்த கதவு மாதிரி என்றார் டாக்டரம்மா. அதில் கடலை எண்ணெய் தடவினால், வாய் வழியாகப் பழகுவதற்கு முன் தோல் வழியாக உடம்பு அதைப் பகையாக எடுத்துக்கொள்ளலாமாம். எண்ணெயால்தான் வந்தது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாதாம். நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். "அனுப்புனவங்களும் ஆசையாத்தான் அனுப்புனாங்க, தடவுன நீங்களும் ஆசையாத்தான் தடவுனீங்க. இனிமே செய்யுறதப் பேசலாம்" என்றார். தடவியது என் கை, அனுசியா. அதை நீ மறக்கக் கூடாது.

கரப்பானுக்குக் களிம்பு கொடுத்திருக்கிறார். ஏதாவது என்றால் எந்த ஆஸ்பத்திரியிலும் காட்ட ஒரு சீட்டு எழுதித் தந்திருக்கிறார். பயந்துபோய் நாங்கள் முட்டை, பருப்பு எல்லாவற்றையும் நிறுத்தி வெறும் சோற்றுத் தண்ணி கொடுத்ததற்குத் திட்டு வாங்கினோம். நிறுத்த நிறுத்த மற்றதும் பகையாகலாமாம். இப்போது அவர் சொன்னபடி காலையில், பகல் வெளிச்சத்தில், ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சம் கொடுக்கிறோம். வேகவைத்த முட்டை வரைக்கும் வந்துவிட்டாள். அக்கா 'கடலை' என்று பேர் இருந்த எல்லாவற்றையும், பொரிகடலை, கொண்டைக்கடலை, கடலைமாவு எல்லாம் குப்பையில் கொட்டினாள். அதெல்லாம் வேறு என்று டாக்டரம்மா சொன்ன பிறகும் வாங்க விடவில்லை.

இன்னொன்று நடந்தது. போன வாரம் பாப்பாவின் இடுப்பைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம். வீட்டில் ஒரு கடலை கிடையாது. நீயும் வரவில்லை, கடிதமும் வரவில்லை. அப்படியானால் டாக்டரம்மா சொன்னதும் பொய்யா? அக்கா பாப்பாவைப் படுக்க வைத்துச் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு அரிவாள்மனையில் அரைஞாண் கயிற்றை அறுத்தாள். உன் துப்பட்டாவில் கிழித்த துண்டை எனக்குத் தெரியாமல், காப்பாக இருக்கட்டும் என்று கயிற்றோடு முறுக்கிக் கட்டியிருந்திருக்கிறாள். அன்று காலைதான் கட்டினாளாம். "அவ ஊருல போய் உக்காந்துக்கிட்டா. நாந்தான் அவளக் கட்டி வச்சிருக்கேன்" என்றாள். அப்புறம் சாயங்காலம் வரை சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

அடுத்த நாள் சொல்லாமல் காரியாபட்டிக்கு பஸ் ஏறிவிட்டாள். மத்தியானம் திரும்பி வந்தாள். பெத்தம்மாளைப் பார்த்தாயா என்றேன். "பாத்தேன். சந்தையில காய் விக்கிறா. தலையெல்லாம் நரைச்சுப்போச்சு."

"என்னக்கா சொன்ன?"

"ஒரு கிலோ கத்திரிக்கா குடுன்னேன்."

"அவ?"

"சொத்தையில்லாமப் பொறுக்கிப் போட்டா."

அவ்வளவுதான். கத்திரிக்காய்ப் பை சமையலறை ஆணியில் இரண்டு நாள் தொங்கியது. என்னைச் சமைக்க விடவில்லை. அவளும் சமைக்கவில்லை.

ஆடி கழிந்து, ஆவணி முதல் முகூர்த்தத்தில் பாப்பாவோடு அங்கே வருகிறோம். அக்காவும் வருகிறேன் என்கிறாள்.

செல்வலட்சுமி

*

பாளையம்பட்டி
14.7.2024, ஞாயிறு

அன்புள்ள மதினிக்கு,

எல்லோரும் சுகம். நீங்கள் வருவது தெரிந்ததும் அம்மா வீட்டைக் கழுவத் தொடங்கிவிட்டாள். கடலை வறுத்த சட்டி, மாவு சலித்த சல்லடை, மில்லுக்குப் போட்டுப் போன என் துணிகள் எல்லாம் வெளியே போய்விட்டன. அப்பாவுக்குத்தான் கஷ்டம். சட்டைப்பையில் நாலு கடலை இல்லாமல் அவர் இருந்ததில்லை. "எம்பேத்திக்காக விட்டேன். வேற எவன் சொல்லியிருந்தாலும் விட மாட்டேன்" என்று தெருவில் போகிறவரையெல்லாம் நிறுத்திச் சொல்கிறார். இனி கடையில் வாங்கும் பொட்டலம் எதுவானாலும் பின்னால் பொடி எழுத்தில் என்ன கலந்திருக்கிறது என்று படித்த பிறகே வீட்டுக்குள் வரும். படிப்பது என் வேலை.

உங்களிடம் ஒன்று சொல்லாமல் இருக்கிறேன். மே மாதக் கடிதம் தபாலில் வந்ததாக நினைத்திருப்பீர்கள். இல்லை. தபாலில் போட்டால் நாளாகும் என்று, ஆறாம் தேதி திங்கட்கிழமை மில் விட்டதும் நானே பஸ் ஏறி வந்தேன். உங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்றேன். தலையில், புருவத்தில் எல்லாம் கடலைத் தொலி. உள்ளே வந்தால் பாப்பா மேல் படும் என்று அங்கேயே நின்றுவிட்டேன். கனகலட்சுமி அக்கா வாசலுக்கு வந்தார்கள். இருவரும் பார்த்துக்கொண்டோம். உள்ளே பாப்பா ஏதோ சத்தம் போட்டு விளையாடிக்கொண்டிருந்தது கேட்டது.

பிள்ளைக்குக் கடலை குடுக்காதீங்க. மூன்றே வார்த்தை. அதைச் சொல்லத்தான் வந்தேன். அவர்கள் கண்ணைப் பார்த்ததும் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நான் நினைத்தது தப்பாக இருந்து, அவர்கள் நினைத்தது சரியாக இருந்தால்? நான் வாய் திறப்பதே பாப்பாவுக்கு ஆகாது என்றால்? கடிதத்தைச் சுவர் மேல் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தேன். எட்டாம் நாள் அந்தக் கஞ்சி. அக்கா எரித்தது காகிதத்தை. சொல்லாமல் விட்டது நான். நான் வந்ததை அவர்கள் இன்றுவரை உங்களிடம் சொல்லவில்லை என்று தெரிகிறது. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் கேட்டுவிட வேண்டாம்.

நீங்கள் வரும் அன்று பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ வைத்து அப்பா வருவார். வெயிலுக்கு முன் கிளம்பிவிடுங்கள். அக்காவையும் பாப்பாவையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அனுசியா

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டு மடித்த பிறகு மறுபடி பிரித்து எழுதுகிறேன். மில்லை விட்டு ஆறு வாரம் ஆகிவிட்டது. நகக்கண் எல்லாம் வெளுத்துவிட்டது. ஆனாலும் பக்கத்து வீட்டுக் குழந்தை தவழ்ந்து வந்தால் என் கை இரண்டும் தானாக முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது. காரணம் தெரிந்தும் கை கேட்கமாட்டேன் என்கிறது. நீங்கள் வந்ததும் பாப்பாவைக் கொடுங்கள் என்று என்னால் கேட்க முடியாது. கொடுத்தாலும் வாங்கமாட்டேன். அதனால் ஒன்று செய்யுங்கள் மதினி. நான் கையைக் கழுவிவிட்டு வந்ததும், தடிக்கிறதா இல்லையா என்று எல்லோரும் பார்க்க, நீங்களே என் கையைப் பிடித்துப் பாப்பாவின் கன்னத்தில் வையுங்கள். நான் இழுத்தாலும் கால் மணி நேரத்துக்கு விடாதீர்கள்.